பாதி வளைவில் எடுத்த கால்

"குத்தம் வண்டி மேலயா, என்ர தம்பி மேலயா? அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

தெய்வசிகாமணி வந்ததும் வராததுமாகக் கேட்டது இதைத்தான். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை.

மேபல் ஒரு டயருக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எந்த வண்டி?"

"வெளிய லாரில நிக்குதுங்க."

மேபல் குன்னூர்க்காரர். நாற்பதைத் தாண்டாத பெண். ஐரோப்பாவில் ஒரு கார் கம்பெனியில், புதிதாகச் செய்த வண்டிகளை ஓட்டிப் பார்த்து நிறைகுறை சொல்லும் வேலையில் வருஷக்கணக்காக இருந்தவர். இப்போது மேட்டுப்பாளையத்துக்கு வெளியே ஒரு ஷெட் போட்டு, மலைப்பாதையில் ஓட்டப் பயப்படுகிறவர்களுக்கும் கொஞ்சமும் பயப்படாதவர்களுக்கும் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தையில் பதில் வரும். பல சமயம் அதுவும் வராது.

வந்தவர் அவரைவிட மிகவும் மூத்தவர். கோயம்புத்தூரில் பம்புசெட் ஃபவுண்டரி முதலாளி. கேட்டால் பதில் கிடைத்தே பழகியவர்.

மேபல் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

கரும்பச்சை நிறம். இரண்டே கதவு. நீண்ட மூக்கு. பக்கக் கண்ணாடிகளை இறக்கிவிட்டால் நடுவில் ஒரு தூண்கூட இல்லாமல் காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும். ஐரோப்பாவில், நெடுந்தூரம் போகிறவர்களுக்காக ஒரு காலத்தில் செய்த கூப்பே கார்.

"விழுந்த வண்டியா?"

"அதேதானுங்க. வலது பக்கம் பூராவும் அப்பளமாப் போச்சு. ஒண்ணு விடாம திரும்பச் செஞ்சு வெச்சிருக்கேன்."

"எதுக்கு?"

"குத்தம் எதுலன்னு தெரியோணும்."

அப்புறம் அவர் நின்றபடியே சொல்லி முடித்தார்.

தம்பி பெயர் பூபதி. இந்த வண்டி மேல் அவனுக்குச் சின்ன வயதிலிருந்து பைத்தியம். வாங்கிக் கொடுத்தது அண்ணன்தான். கோத்தகிரியிலிருந்து இறங்கும்போது ஒரு வளைவில் வண்டி சுழன்று, ஓட்டுபவர் பக்கம் பாறையில் மோதியது. பூபதி அங்கேயே போய்விட்டான். இடது பக்கம் உட்கார்ந்திருந்த அண்ணனுக்குத் தோளில் மட்டும் அடி.

போலீசில் அதிவேகம் என்று எழுதிக்கொண்டார்கள். அப்பா, கண்ணை மூடுகிற வரைக்கும், "திமிரெடுத்தவன், தேடிப் போய்ச் செத்தான்" என்றார். பூபதியின் மனைவி சுலோசனா எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், "வேகமா ஓட்டிச் செத்தானே, அவன் சம்சாரம்" என்று ஒருத்தருக்கொருத்தர் காட்டிக்கொண்டார்கள். அவள் போவதை நிறுத்திக்கொண்டாள்.

"அவ என்ரகிட்ட ஒரே ஒரு கேள்விதானுங்க கேட்டா. 'அவரு அப்புடி ஓட்டறவரா மாமா?' பக்கத்துல உக்காந்திருந்தவன் நானு. எனக்குச் சொல்லத் தெரியல."

மூன்று எஞ்சினியர்களிடம் காட்டியிருந்தார். அந்தக் காலத்துப் பின் சஸ்பென்ஷன்தான் காரணம் என்றார் ஒருவர். டயர் என்றார் இன்னொருவர். மூன்றாமவர் வண்டியைச் சுற்றி வந்துவிட்டு, ஓட்டியது யார் என்று கேட்டார்.

"நீங்க இதை ஓட்டியிருக்கீங்களா?" என்றார் மேபல்.

"இல்லீங்க. நமக்கு டிரைவர் இருக்காங்க."

"அப்போ இதை ஓட்டக் கத்துக்குங்க."

"மேடம், நான் ஓட்ட வரல. கேக்க வந்திருக்கேன்."

மேபல் திரும்ப உள்ளே போய் டயர் பக்கத்தில் குந்திக்கொண்டார்.

தெய்வசிகாமணி லாரிக்காரனைப் பார்த்து, வண்டியை இறக்கச் சொன்னார்.


முதல் நாள் மேபல் ஓட்டினார். தெய்வசிகாமணி இடது பக்கம்.

காரமடை ரோட்டில் ஒரு பஸ் குறுக்கே வந்தது. மேபல் வேகத்தைக் குறைத்தார். பஸ் ஒதுங்கியது. ஒரு டிராக்டர் வந்தது. அதுவும் ஒதுங்கியது.

"சார்."

"சொல்லுங்க."

"அங்க பிரேக் இல்லை."

தெய்வசிகாமணி குனிந்து பார்த்தார். அவருடைய வலது கால் தரை விரிப்பை அழுத்திக்கொண்டு, முழங்கால் வரை விறைத்து நின்றது.

அவர் வீட்டில் எந்த டிரைவரும் ஒரு தீபாவளியைத் தாண்டியதில்லை. 'பார்த்து', 'அவனை விடு', 'ஹாரன் அடி', 'எதுக்கு இந்த வேகம்' என்று ஏறியதிலிருந்து இறங்குகிற வரை சொல்லிக்கொண்டே வருவார். ஃபவுண்டரியிலும் அப்படித்தான். உருக்கிய இரும்பை வார்க்கிறவன் கைப்பிடியைச் சாய்க்கும்போது, பின்னால் நின்று "போதும், போதும்" என்பார். தன் அக்கறையால்தான் எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று அவர் மனதார நம்பினார்.

காலை இழுத்துக்கொண்டார். அடுத்த லாரி வந்தபோது அது தானாக மறுபடி நீண்டது.


பிறகு அவரே ஓட்டினார்.

ஸ்டியரிங் ஆட்டுக்கல்லாகக் கனத்தது. கியர் விழமாட்டேன் என்றது. மார்க்கெட் நெரிசலில் எஞ்சின் இருமிக்கொண்டே வந்து, சூடேறி, முள் சிவப்பைத் தொட்டது. கிளட்சை மிதித்து மிதித்துத் தொடை நடுங்க ஷெட்டுக்குத் திரும்பினார்.

"என்னங்க வண்டி இது? வண்டி மேலதான் குத்தம்னு இப்பவே எழுதிக் குடுத்தர்றேன்."

"எங்க ஓட்டினீங்க?"

"பஜார்லதான்."

"அது பஜாருக்குச் செஞ்சதில்லை."

"பின்ன எதுக்குச் செஞ்சது?"

"காலையில ஒரு நாட்டுல காபி குடிச்சிட்டு, இருட்டறதுக்குள்ள இன்னொரு நாட்டுக்குப் போய்ச் சேர்றதுக்கு. ரெண்டு பேர்."

"பின்னாடி சீட் இருக்குதுங்களே?"

"கோட்டு வைக்க."

மறுநாள் விடிகாலையில் அவினாசி தாண்டிப் பெரிய ரோட்டுக்குக் கூட்டிப்போனார். நான்காவது கியரில் போட்டுவிட்டு முள் எண்பதைக் கடந்ததும் தெய்வசிகாமணியின் கையில் ஏதோ மாறியது. ஸ்டியரிங் லேசானது. ரோட்டில் சக்கரம் எங்கே உருள்கிறது, அங்கே மண் எவ்வளவு, கல் எவ்வளவு என்று விரல்களுக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் மிதித்தார். வரிசையாக நிற்கும் ஆறு சிலிண்டரும் ஒரே குரலாகி, அந்தக் குரலும் தணிந்து, நீண்ட மூக்கு ரோட்டை உள்ளே இழுத்துக்கொண்டே போனது. காற்றின் சத்தம்தான் மிச்சம்.

பூபதி ஒருநாள் சாப்பாட்டு மேசையில், "அண்ணா, நூறைத் தாண்டினா அது பேச ஆரம்பிக்குது, நீ ஒரு தடவை கேளேன்" என்று சொன்னது ஞாபகம் வந்தது. "பெட்ரோல் பேசுது, என்ர காசு பேசுது" என்று இவர் சொன்னார். பூபதி சிரித்தான். அதற்கப்புறம் அவரிடம் அவன் வண்டியைப் பற்றிப் பேசவில்லை.

பெருந்துறை வந்ததும் ஓரமாக நிறுத்தினார். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவில்லை.




அப்புறம் வளைவுகள்.

"வேகத்தை எங்க குறைக்கணும்?"

"வளைவுலதானுங்க."

"முன்னாடி. நேர் ரோட்டுல இருக்கறப்பவே. உள்ள போனப்புறம் கால் ஆக்சிலேட்டர் மேல. லேசா, ஒரே மாதிரி. எடுக்கக் கூடாது."

"எடுத்தா?"

மேபல் வண்டியின் பின்பக்கம் போனார். டிக்கியின் மேல் இரண்டு கையையும் ஊன்றி, உடம்பின் பாரம் முழுக்க அழுத்தினார். வண்டி குனிந்தது.

"கால் அங்க இருக்கற வரைக்கும் கனம் இங்க இருக்கும். சக்கரம் ரோட்டைப் பிடிச்சிருக்கும்."

கையை எடுத்தார். பின்பக்கம் துள்ளி எழுந்தது.

"காலை எடுத்தா கனம் முன்னால ஓடிடும். இங்க யாரும் இல்லை."

தெய்வசிகாமணியின் முகம் மலர்ந்தது. இவ்வளவு நாள் தேடியது கையில் கிடைத்த மாதிரி இருந்தது.

"அப்ப வண்டி மேலதான் குத்தம்! பாதி வளைவுல காலை எடுத்தா சுத்திப் போடற வண்டியை எவனாவது செய்வானா?"

"பாதியில எடுக்காதவனை நம்பிச் செஞ்சிருக்கான்."

"மனுசன்னா எடுக்கத்தானுங்க செய்வான்."

"எப்போ?"

"பயந்தா."

மேபல் தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா என்று தெய்வசிகாமணிக்குத் தெரியவில்லை.


கோத்தகிரிப் பாதையில், அந்த வளைவுக்குக் கொஞ்சம் மேலே, மேபலின் ஜீப்பை நிறுத்தி இரண்டு பேரும் இறங்கி நடந்தார்கள். இடது பக்கம் நீண்டு வளையும் இறக்கம். வலது பக்கம் பாறை. பாறையில் கரும்பச்சை பெயின்ட் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது.

தெய்வசிகாமணி அதைப் பார்க்காமல் நின்றார்.

"என்ன நடந்துச்சு?"

"நல்ல வெளிச்சம் இருந்துச்சுங்க. மழை இல்ல. எதுக்க ஒரு வண்டி இல்ல. வளைவுக்குள்ள வந்தோம். பின்பக்கம் சறுக்குச்சு. நான் பயந்து கத்துனேன். பாறைல போய் அடிச்சுருச்சு."

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"அதான் சொன்னனேங்க. வளைவுக்குள்ள வந்தோம். 'டேய் மெதுவா போடா'ன்னு கத்துனேன். பின்பக்கம் சறுக்குச்சு. பாறை."

மேபல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, மறுக்காவும் சொல்லோணுங்களா?"

"வேண்டாம்."

வளைவின் ஓரத்தில் நாடாவைப் பிடித்து அளந்தார். தலை குனிந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தார்.  ஷெட்டுக்கு வந்து இறங்கும்போது, "சார், இதோட விட்டுடலாம்" என்றார்.

"எதுக்குங்க?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"சுலோசனாகிட்ட சொல்லோணும். வாக்குக் குடுத்திருக்கேன். எதுவா இருந்தாலும் சொல்லிப்போடுவேன்."

"எதுவா இருந்தாலும்?"

"எதுவா இருந்தாலும்."

மேபல் பெருமூச்சு விட்டார். அவர் அப்படிச் செய்து தெய்வசிகாமணி பார்த்ததில்லை.


உலகப்போர் சமயத்தில் போட்டு, பிறகு யாரும் சீந்தாமல் விட்ட விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. நாலாப்பக்கமும் வெட்டவெளி. அங்கே மேபல் சுண்ணாம்புப் பொடியால் அதே வளைவை அதே அளவுக்கு வரைந்தார். பாறை இருக்க வேண்டிய இடம் வெறும் புல்.

தெய்வசிகாமணி அதில் ஓட்டினார். ஆரம்பத்தில் கோட்டுக்குள் நுழைகிறபோதே கால் தானாக எழும்பும். வால் வெளியே வீசும். வண்டி எதிர்ப்பக்கமாகத் திரும்பி, வந்த வழியைப் பார்த்தபடி நிற்கும். கண்ணாடிக்கு முன்னால் புழுதி.

"திரும்பவும்" என்பார் வெளியே நிற்கும் மேபல்.

வெயில் ஏறும்வரை அதுதான். பிறகு ஒருநாள், நேர் ரோட்டிலேயே வேகத்தைக் குறைத்து, வளைவு தொடங்கும் இடத்தில் ஆக்சிலேட்டரில் லேசாகக் காலை வைத்தார். எடுக்கவில்லை. வண்டி பின்பக்கமாகக் கொஞ்சம் உட்கார்ந்து, சாய்ந்து, கோட்டை ஒட்டி நூல் பிடித்த மாதிரிப் போய் வெளியே வந்தது. இன்னும் கொஞ்சம் வேகம். அப்போதும் போனது. பூபதி பக்கத்தில் உட்கார்ந்து அன்றைக்கு முள்ளில் பார்த்த வேகத்தையும் தாண்டினார். அப்போதும் போனது.

வண்டியை நிறுத்திவிட்டு அவர் கீழே இறங்கவில்லை.

வண்டி நல்ல வண்டி. இத்தனை நல்ல வண்டி. அப்படியென்றால் பூபதிதான்.

 அந்த நினைப்புக்கு அடியில் எங்கேயோ ஒரு நிம்மதியும் இருந்தது. அது என்ன நிம்மதி என்று அவர் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

போனை எடுத்துச் சுலோசனாவைக் கூப்பிட்டார். "அம்மிணி, நாளைக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போ."


சுலோசனா வந்தாள். வெளிறிய காட்டன் புடவை. வண்டியைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் நின்றுவிட்டு, வலது பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு வந்தாள்.

தெய்வசிகாமணி அவள் கண்ணெதிரே வளைவை ஓட்டிக் காட்டினார். வண்டி அழகாக வந்தது. இறங்கி அவளிடம் போனார்.

"பாத்தியாம்மிணி? வண்டி மேல குத்தமே இல்ல. காலை எடுக்காத வரைக்கும் புடிச்சுக்குது. பாதில எடுத்தா மட்டும்தான் சுத்துது. பூபதி எடுத்துட்டான். பயந்துட்டான் பாவம். அவ்வளவுதான்."

"பயந்துட்டாரா?"

"ஆமாம்மிணி."

"அவருக்கு ரோட்டு மேல எப்பவும் பயம் இருந்ததில்லைங்க மாமா."

"பின்ன வேற எது மேல?"

 சுலோசனா அவரைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பைத் தோளைச் சுற்றி இழுத்துக்கொண்டு, தூரத்தில் தெரிந்த மலையைப் பார்த்தாள்.

"போலீஸ்காரங்க சொன்னதையேதான் நீங்களும் சொல்றீங்க" என்றாள் கடைசியில். "இதுக்கா இவ்வளவு பாடு பட்டீங்க?"

தெய்வசிகாமணிக்கு முகம் சிவந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"சார்" என்றார் மேபல். "இன்னொரு தடவை ஓட்டுங்க. நானும் வர்றேன்."

"எதுக்குங்க? அதான் முடிஞ்சுபோச்சே."

மேபல் இடது கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தார். அன்றுவரை அந்தச் சுண்ணாம்பு வளைவை ஓட்டும்போது அவர் வண்டியில் ஏறியதில்லை. எப்போதும் வெளியேதான் நின்றார்.

தெய்வசிகாமணி கண்ணாடியை இறக்கிவிட்டு, வண்டியை ஓடுதளத்தின் கோடிக்குக் கொண்டுபோய்த் திருப்பினார். இரண்டாவது கியர். மூன்றாவது. மூக்கு நிமிர்ந்தது. சுண்ணாம்புக் கோடு நெருங்கியது. நேராக இருக்கும்போதே பிரேக். விட்டார். ஸ்டியரிங்கைத் திருப்பி, ஆக்சிலேட்டரில் லேசாக, ஒரே மாதிரி. வண்டி உட்கார்ந்து சாய்ந்து கோட்டைப் பிடித்தது. இதுவரை ஓட்டியதிலேயே இதுதான் அழகு என்று அவருக்கே தெரிந்தது. இதை மட்டும் பூபதி பார்த்திருந்தால் என்று நினைத்தார்.

வளைவு பாதி வந்திருக்கும்.

"மெதுவா!"

காதுக்குப் பக்கத்தில், தொண்டை கிழிகிற மாதிரிக் கத்தினார் மேபல்.

கால் தானாக மேலே வந்தது.

வால் வீசியது. வானமும் புல்லும் இடம் மாறின. வலது பக்கமாக வண்டி வழுக்கிக்கொண்டே போய், பாறை இருந்திருக்க வேண்டிய இடத்தையும் தாண்டி, புல்லுக்குள் நின்றது. எஞ்சின் அணைந்தது.

புழுதி உள்ளே வந்தது.

 தெய்வசிகாமணி ஸ்டியரிங்கை ஓங்கிக் குத்தினார்.

"உங்களுக்கென்ன பைத்தியமா புடிச்சிருக்குது? எதுக்குங்க கத்துனீங்க? நான் சரியாத்தானே போய்க்கிட்டிருந்தேன்! வண்டியும் சரியாத்தானே போய்ட்டிருந்துச்சு! நீங்க மட்டும் கத்தாம இருந்திருந்தா நான் எதுக்குக் காலை எடுக்கறேன்?"

 மேபலின் கை இரண்டும் மடியில் இருந்தன.

தெய்வசிகாமணி இன்னும் ஏதோ திட்ட வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. தான் சொன்னது அப்போதுதான் அவர் காதில் விழுந்தது.

மேபல் கதவைத் திறந்து இறங்கிக்கொண்டார்.

புல்லில் செருப்புச் சத்தம் ஓடி வந்தது. சுலோசனா வலது பக்கக் கண்ணாடிக்குக் குனிந்தாள். மூச்சு வாங்கியது.

"மாமா, அடி ஏதும் படலீங்களே? நல்லாத்தானே ஓட்டிட்டு வந்தீங்க."

அவர் எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"ஏன் மாமா," என்றாள் அவள், "யாரு கத்துனது?"